இடப்பக்கம் இழுக்காத தட்டு

இந்த மேஜை ஆடுகிறது சார். உங்கள் பக்கத்து இடக்கால் ஒரு விரற்கடை குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும், நீங்கள் எழுதுகிற எழுத்தும் கோணாது. நேற்று வந்து உட்கார்ந்ததிலிருந்து கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. என் சுபாவம் அப்படி. கோணலாக ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அதனால்தான் உங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஏட்டையாவிடம் சொல்லி அனுப்பினேன். நேற்று நீங்கள் எழுதி வாசித்துக் காட்டியதில் ஒரு வரி தப்பு. மற்றதெல்லாம் பெரும்பாலும் சரி. பெயர் சென்னியப்பன், சரி. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளில் டிரில்லராக இருந்து ஓய்ந்தவன், சரி. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் காடு, குச்சிக்கிழங்கு, மரவள்ளி வெள்ளாமை, அதைச் சுற்றித் திருட்டுக் கரண்ட் விட்ட கம்பி, அதுவும் சரி. நான் வீசிய விளையாட்டுத் தட்டு குறி தவறிக் கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்தது, எடுக்கப் போன என் மருமகன் வளவன் கரண்ட் அடித்து இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். குறி தவறி என்பதுதான் தப்பு.

அந்த வார்த்தையை உங்களுக்குக் கொடுத்தது என் மகள் தனப்பிரியா, நான் பாப்பா என்று கூப்பிடுகிறவள். புருஷனுக்குக் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து நின்றாள். "எங்கப்பாவுக்கு நேரா வீசவே வராதுங் சார். எப்ப வீசுனாலும் இடப்பக்கந்தான் இழுக்கும். எல்லாத்துக்கும் தெரியும். அவரு வேணும்னு பண்ணலீங்." நான் இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழும்படிதான் சொன்னாள்.

வக்கீல் சொல்கிறார், அந்த ஒரு பேச்சு போதுமாம். கவனக்குறைவு என்று சின்ன தண்டனையோடு போய்விடுமாம். பாப்பாவுக்கும் இப்போது அது ஒன்றுதான் பிடிமானமாம். புருஷன் போனாலும் அப்பன் தெரிந்து செய்யவில்லை என்கிற ஒன்றை வைத்துத்தான் எழுந்து நடமாடுகிறாளாம். இருக்கட்டும். அதற்காக நடக்காத ஒன்றை அரசாங்கத்துத் தாளில் எழுதிவைக்க முடியுமா? என் கையைப் பற்றி என் மகளே பொய் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பதா? எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிகிறது சார். சத்தம் போடவில்லை என்பதற்காக எரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் எப்போதும் இப்படித்தான் பேசுவேன்.

என்னைப் பற்றித் திருச்செங்கோட்டில் பழைய ஆட்கள் யாரையாவது கேளுங்கள். சென்னியப்பன் ஓட்டின போர் கோணாது என்பார்கள். போர் கோணினால் என்ன ஆகும் தெரியுமா? போருக்குள் விடுகிற கேசிங் பைப் இறங்காது. இறங்கினாலும் மோட்டார் நடுவில் மாட்டிக்கொள்ளும். மேலே நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது, பாறைக்குள் போகப்போகக் கோணல் கூடிக்கொண்டே போகும். அதனால் வண்டியை நிறுத்தி ஜாக்கி கொடுக்கும்போதே நான் சுற்றிச் சுற்றி வந்து மட்டம் பார்ப்பேன். கூட வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வந்து சிரிப்பார்கள். சிரித்துக்கொள்ளட்டும். மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் பாஷை தெரியாத ஊர்களில்கூட அந்தப் பெயர் எனக்கு இருந்தது. மனைவி இருந்தவரை அவளுக்கும் அதில் ஒரு பெருமை. அவள் போனபின் வண்டியை விட்டுக் காட்டோடு வந்துவிட்டேன். பாப்பா ஒருத்திதான் மிச்சம்.

மாப்பிள்ளை பள்ளிபாளையத்துக்காரர். பேப்பர் மெஷின் இஞ்சினியர். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் ஃபின்லாந்தில் இருந்தார். அந்த நாட்டில் பாதிப்பேர் வேலை முடிந்து காட்டுக்குள் போய்த் தட்டு வீசுவார்களாம். டிஸ்க் கோல்ஃப். மரத்துக்கு மரம் இடையில் ஒரு இரும்புக் கம்பம், அதில் ஒரு கூடை, கூடைக்கு மேல் சங்கிலித் தொங்கல். தூரத்தில் நின்று தட்டை வீசி வீசி, குறைந்த வீச்சில் யார் கூடைக்குள் போடுகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். அவ்வளவுதான் விளையாட்டு. திரும்பி வந்தவர் என் காட்டில் தரிசாகக் கிடந்த மேட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாமா, இங்க நாலு கூடை நட்டுக்கட்டுமா" என்றார். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்பார்களா? நட்டுக்கொள்ளுங்கள் என்றேன். குழி தோண்டியதும் கம்பத்தைத் தூக்குக்குண்டு போட்டு நிறுத்தியதும் நான்தான்.

இன்றுவரை மாப்பிள்ளையை அவன் இவன் என்று நான் சொன்னதில்லை சார். இப்போதும் சொல்லமாட்டேன். மரியாதை வேறு, இது வேறு.

ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் பள்ளிபாளையத்திலிருந்து வந்துவிடுவார்கள். எனக்கும் ஒரு தட்டு கொடுத்தார். தூரம் போகும் தட்டு, கூடைக்குப் பக்கத்தில் நின்று போடும் தட்டு, இரண்டுக்கும் நடுவில் மிட்ரேஞ்ச் என்று ஒன்று, இப்படிப் பை நிறைய வைத்திருந்தார். எனக்குக் கொடுத்தது மிட்ரேஞ்ச். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் கைக்கு அடங்குமாம். ஒவ்வொரு தட்டின் மேலும் நாலு எண் போட்டிருக்கும். எவ்வளவு வேகம் வேண்டும், எவ்வளவு மிதக்கும், வேகமாகப் போகும்போது எந்தப் பக்கம் சாயும், வேகம் குறைந்து இறங்கும்போது எவ்வளவு இழுக்கும். வலக்கைக்காரன் வீசினால் கடைசியில் இழுப்பது இடப்பக்கம். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. அளவு உள்ள சமாச்சாரம். ஆனால் நான் வீசியது மட்டும் எப்போதும் இடப்பக்கம் போய் விழுந்தது. தட்டு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கலன்று சம்பந்தி வீட்டார், பங்காளிகள், பாப்பாவின் சிநேகிதிகள் என்று காடு நிறைய ஜனம். எல்லோரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து மாப்பிள்ளை வீசிக் காட்டினார். சங்கிலியில் பட்டுச் சலசலவென்று கூடைக்குள் விழுந்தது. கைதட்டினார்கள். அடுத்து மாமா என்றார்கள். நான் வீசினேன். தட்டு இடப்பக்கம் திரும்பி ஆட்டுப் பட்டிக்குள் போய் விழுந்து, குட்டிகள் நாலு பக்கமும் சிதறின. சரி, சிரித்தார்கள், அதில் ஒன்றுமில்லை. தட்டு சரியில்லீங் மாப்ள, நேராப் போற தட்டாக் குடுங்க என்றேன்.

"நேராப் போற தட்டுன்னு ஒண்ணு இல்லீங் மாமா," என்றார். "கை எப்படி உடுதோ அப்படித்தான் அது போவும். உங்க கை சாயுதுங்." அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற குஷியில் இன்னொன்றும் சொன்னார். "இந்தக் கையில ஓட்டுன போரெல்லாம் எத்தன கோணையோ, அந்தப் பாறைக்குத்தான் வெளிச்சம்."

மரத்தடியே அதிர்ந்தது. சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் யாரையும் பார்க்கவில்லை, பாப்பாவைத்தான் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பின்பு என் பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்துகொண்டு, "உடுங்கப்பா, கோணக்கையா இருந்தாலும் எங்கப்பன் கை" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர். கோணக்கை மாமா. சம்பந்தி வீட்டுப் பொடிசுகள்கூடப் போனில் கூப்பிட்டு, கோணக்கைத் தாத்தா இருக்கிறாரா என்று கேட்கும். பாப்பா ஒரு நாளும் அதட்டவில்லை.

நாற்பது ஊர் பாறைக்குள் நேராகப் போன கை சார் இது. அந்தக் கையில்தான் அவளுக்குச் சோறு ஊட்டினேன். அதே கையை வைத்து அவள் முன்னால் ஒருவர் வேடிக்கை காட்டினால், எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சிலர் அன்றைக்கே அருவாளைத் தூக்குவார்கள், இல்லை குடித்துவிட்டுத் தெருவில் கத்துவார்கள். எனக்கு அந்த இரண்டும் பழக்கமில்லை. நான் ஆற அமர யோசிக்கிறவன்.

முதலில் தட்டைச் சரிபார்ப்போம் என்று சேலத்துக்குப் போனேன். கடைவீதியில் இம்தியாஸ் என்று ஒருவர், விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். கேரம் போர்டு, கிரிக்கெட் மட்டை விற்கிற கடைதான். ஏதோ காலேஜில் கேட்டார்கள் என்று இந்தத் தட்டுகளையும் வரவழைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை கொடுத்ததை அவர் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இது எதிர்காத்துக்கு வீசுறது. கடைசி நம்பரைப் பாருங்க, மூணு. யார் வீசினாலும் முடியும்போது இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். பழகுறவங்களுக்கு யாருண்ணே இதைக் குடுத்தது?"

யார் கொடுத்தது. மாப்பிள்ளைதான். இடப்பக்கம் இழுக்கிற தட்டைக் கொடுத்துவிட்டு என் கையைக் கோணல் என்றிருக்கிறார். எங்கள் மேட்டில் காற்று அதிகம் என்பதால்தான் அதைக் கொடுத்தேன் என்று பின்னால் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லிக் கொடுக்கிறவர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

நேராகப் போவது ஒன்று வேண்டும் என்றேன். இம்தியாஸ் நல்ல மனிதர், பொறுமையாக எடுத்துப் போட்டார். மூன்றாவது எண்ணும் நாலாவது எண்ணும் சைபருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நேர் என்றார். அப்படி இருந்தவற்றை மட்டும் தனியே வைத்தேன். ஒவ்வொன்றையும் கண்ணாடி மேஜைமேல் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்று பார்த்தேன். சிலது லேசாக ஆடியது, அதெல்லாம் கழிந்தது. மேல்பக்கம் மேடு தட்டியிருந்தால் அதிகம் மிதக்கும், காற்று தூக்கிக்கொண்டு போகும், எனவே தட்டையாக இருப்பது வேண்டும். விளிம்பு என் விரலுக்கு அடங்க வேண்டும். எடை குறைந்தால் அலையும், அதனால் கனமாக ஒன்று. வழவழவென்றிருந்த பிளாஸ்டிக் சீக்கிரம் தேயாது, ஆனால் வேர்த்த கையில் நழுவும். சாதாரண பிளாஸ்டிக் கைக்குப் பிடி கொடுக்கும். "புதுசுல இது துளி இடது பிடிக்கும்ணே. அடிபட அடிபட நேராயிடும். ரொம்ப அடிபட்டா அப்புறம் வலப்பக்கம் திரும்ப ஆரம்பிச்சிரும், அதுக்கு முன்னாடி மாத்திடுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அவர் கடையிலேயே நின்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறம். செம்மண்ணில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிற நிறமாக எடுங்கள் என்றார். எனக்குச் சாம்பலே போதும் என்றேன்.

கிளம்பும்போது, இது நேராகத்தானே போகும் என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். "நேரா உட்டா நேரா போகும்ணே" என்று சிரித்தார். மாப்பிள்ளை சொன்ன அதே பேச்சு. ராசிபுரம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். வீசினேன். இடப்பக்கம் போனது. மறுபடி வீசினேன், மறுபடியும் இடப்பக்கம். இழுக்கிற தட்டு இல்லை இது, நானே பொறுக்கி எடுத்த தட்டு. இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. நேராகப் போகிற தட்டில் இது ஒரு தொல்லை சார், அது உங்கள் கையை மறைக்காது. இழுக்கிற தட்டு உங்கள் கோணலையும் தன் கோணலையும் கலந்து காட்டும். இது அப்படியே உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். அன்று வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் போர் வண்டி லீவரைப் பிடித்துப் பிடித்து வலத்தோள் இறங்கியிருந்தது. தோள் இறங்கினால் கை சாயும், கை சாய்ந்தால் தட்டின் விளிம்பு சாயும். மாப்பிள்ளை சொன்னது சரி.

பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நிஜத்தைச் சொல்லி, அதையும் நாலு பேருக்கு முன்னால் சொல்லி, என் மகளையும் சிரிக்கவைத்தார். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

பின்பு தினமும் விடியற்காலையில் போனேன். தோளைத் தூக்கி, முழங்கையை இடுப்போடு ஒட்டி இழுத்து, விடும் நேரத்தில் மணிக்கட்டு மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் கவனித்தேன். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். மாசி போய், பங்குனி போய், ஆடிக்காற்றும் வந்து போனது. தட்டு கல்லிலும் கட்டையிலும் அடிபட்டு அடிபட்டு, இம்தியாஸ் சொன்னபடியே படிந்து வந்தது. கையும் படிந்தது. ஒரு நாள், எல்லோரும் நின்று வீசுகிற வேப்பங்கட்டையிலிருந்து வீசினேன், தட்டு யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோலப் போய்க் கூடைக் கம்பத்தில் டங் என்று மோதியது. அதற்குப் பின் அது நேராகப் போகாத நாளே இல்லை. அன்று பக்கத்தில் ஒருவரும் இல்லை. என் நாய் மட்டும் உட்கார்ந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது சார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீசிக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று வாசலில் வந்து இறங்கும்போதே மாப்பிள்ளை, "கோணக்கை மாமா, ரெடிங்களா" என்றார். பாப்பா பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தாள். ஐப்பசியில் மறுபடி ஃபின்லாந்து போகிறோம், இந்தத் தடவை பாப்பாவும் கூட வருகிறாள் என்று அன்றுதான் சொன்னார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எழுத வேண்டாம். அன்று நான் வீசும்போது வேண்டுமென்றே தோளை இறக்கினேன். தட்டு இடப்பக்கம் போனது. "பாத்தீங்களா, மறுக்கா இடதுதான்" என்று கைகொட்டினார்கள். எனக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. இவர்களுக்கு என் கையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிற குளிர்ச்சி. அதற்குப் பின் ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் முன்னால் கோணலாக வீசினேன், விடியற்காலையில் நேராக வீசினேன்.

இப்போது கம்பி. சுற்றுவட்டாரத்தில் பன்றிக்குக் கம்பி கட்டாத காடு குறைவு. நான் மட்டும் கட்டியதில்லை. கரண்டைத் திருடுவது எனக்கு ஆகாது. கிழங்கைப் பன்றி தின்றாலும் சரி என்று விட்டிருந்தேன். ஆவணி பிறந்ததும் கட்டினேன். பக்கத்துக் காட்டு மாதையன் பார்த்துவிட்டு, "கடைசில நீங்களும் கட்டீட்டீங்களா" என்று கேட்டார். ஆமாங்க, தொல்லை தாங்கவில்லை என்றேன். பன்றிக் கம்பியில் ராத்திரி மட்டும்தான் கரண்ட் விடுவார்கள், பகலில் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பன்றிக்காகக் கட்டினேன் என்று நீங்கள் எழுதியதும் அதை வைத்துத்தான். அந்த வரியையும் அடித்துவிடுங்கள்.

நான் இடப்பக்கம் வீசுவேன் என்பது ஊருக்கே தெரியும். வேப்பங்கட்டைக்கு இடப்பக்கம் இருப்பது குச்சிக்கிழங்கு. தட்டு அங்கே போய் விழுந்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. விளையாட்டின் முறைப்படி அவரவர் தட்டை அவரவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் என் தட்டை நான் எடுக்க மாப்பிள்ளை ஒரு நாளும் விட்டதில்லை. வயசில் பெரியவரைக் குனியவிடக்கூடாது என்று அவரை வளர்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாய்க்குத்தான் மரியாதை இல்லை, காலுக்கு நிறைய இருந்தது. இன்னொன்று, எங்கள் காட்டில் வெள்ளாமைக்குள் செருப்போடு கால் வைப்பதில்லை. பாப்பா கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தது. அதையும் அவர் மறந்ததில்லை. ஒழுக்கமான பிள்ளைதான். அவர் இறந்த அன்று காலையில், தட்டு விழப்போகிற சாலுக்கு நான் தண்ணீர் கட்டி மண்ணை ஈரமாக்கியிருந்தேன்.

நாயை ஏன் கட்டிப்போட்டாய் என்று நேற்று கேட்டீர்கள். தட்டு விழுந்தால் அது முதலில் ஓடும். வாயில்லாத ஜீவன், அதற்கு என்ன தெரியும், அதனால் கட்டிப்போட்டேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்திருந்தது. பாப்பா கட்டிலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீசி முடித்தார். நான் என் சாம்பல் தட்டை எடுத்துக்கொண்டு வேப்பங்கட்டைக்குப் போனேன். முன்காலை ஒரு சாண் இடப்பக்கம் திருப்பி வைத்தேன். கை எப்படிப் போகிறது என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள், காலை யாரும் பார்ப்பதில்லை. கிழங்குச் செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. இரண்டு சாலுக்கு நடுவில் இருக்கிற சந்து எவ்வளவு இருக்கும் என்று உங்கள் ஆட்களை விட்டு அளந்து பாருங்கள். அதற்குள் ஒரு செடியின் இலையில்கூடப் படாமல் போக வேண்டும். கம்பியைத் தாண்டி, இந்தப் பக்கம் நின்று அவர் கைநீட்டினால் எட்டுகிற இடத்தில் விழ வேண்டும். அதிகம் போனால் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவார். குறைந்தால் இந்தப் பக்கமே கிடக்கும். தோளைத் தூக்கினேன். மணிக்கட்டு மட்டமாக இருந்தது. விட்டேன்.

என் வாழ்நாளில் அப்படி ஒன்று நான் வீசியதில்லை சார். சாயவில்லை, மிதக்கவில்லை, கடைசியில்கூட இழுக்கவில்லை. போட்ட நூலின் மேல் போவதுபோலப் போய் சந்துக்குள் நுழைந்து, நான் நினைத்த இடத்தில் படுத்தது.

"மறுக்கா இடது," என்று மாப்பிள்ளை சிரித்தார். பாப்பாவும் சிரித்தாள். "இருங் மாமா, நான் எடுத்தாரேனுங்" என்று வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். நில்லுங்கள் என்று சொல்ல நேரம் இருந்தது. அவர் செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் போனார், அவ்வளவு நேரம் இருந்தது.

பாப்பா அலறிக்கொண்டு ஓடினாள். நான்தான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். கையைக் கடித்தாள், இதோ தழும்பு இருக்கிறது, விடவில்லை. விட்டிருந்தால் அவரைத் தொட்டு அவளும் போயிருப்பாள். அவள் உயிரோடிருப்பது என்னால். அதையும் நீங்கள் எங்கும் எழுதவில்லை. மாதையன் சத்தம் கேட்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்ட பிறகு மோட்டார் ரூமுக்குப் போய்க் கரண்டை நிறுத்தினேன். ஓடவில்லை, நடந்துதான் போனேன். ஈர வரப்பில் ஓடினால் கால் வழுக்கும்.

அவளுடைய அறைக்கு முந்தின வாரமே வெள்ளையடித்து வைத்திருந்தேன். எப்படியும் அவள் இங்கேதான் வருவாள், வேறு எங்கே போவாள்? இனி அவளை நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் இருந்தேன். என்ன எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய், அவளுக்கு ஒரு வாய் சோறு ஆக்கிப் போடலாம் என்றுதான் நேற்றுக்கூட வந்தேன். இடப்பக்கந்தான் போகும் என்று சொல்லட்டும் என்பதற்காகத்தானே அத்தனை ஞாயிறும் கோணலாக வீசினேன். அந்தப் பேச்சு இந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட்டு வைத்தவனும் நான்தான். ஆனால் வந்தபோது என்னால் கேட்க முடியவில்லை. சாகிறவரை எல்லோரும் என்னைப் பார்த்து, பாவம், கோணக்கை, வேணும்னு செய்யவில்லை என்பார்கள். என் மகளும் அப்படியே நம்பிக்கொண்டு எனக்குச் சோறு போடுவாள். அதற்கு நான் தூக்கிலேயே தொங்கலாம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கம்பி கட்டியது பன்றிக்காக அல்ல, மாப்பிள்ளைக்காக. பகலில் கரண்டை நிறுத்தாமல் விட்டது மறதியால் அல்ல. அவர் எடுக்கப் போவார், வெறுங்காலோடு போவார் என்று தெரிந்துதான் வீசினேன். கவனக்குறைவு எதுவும் இல்லை, நான் எதையும் கவனமில்லாமல் செய்கிறவன் இல்லை. வளவனை நான்தான் கொன்றேன். குறி தவறி என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு, குறி வைத்த இடத்தில் நேராகப் போய் விழுந்தது என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் பாப்பாவைக் கூப்பிட்டு நீங்களே வாசித்துக் காட்டுங்கள் சார். நான் சொன்னால் பெருமைக்குச் சொல்கிறேன் என்பாள். அப்பன் கை கோணல் இல்லை என்று தெரிந்தால் பிள்ளைக்கு மனசு கொஞ்சம் ஆறும்.